கோகோவில் சுக்கு போட்டால் குற்றமா?

ஃபர்வானியா, குவைத்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குவைத்தில் குளிர் என்றால் ஊரில் எல்லாரும் சிரிக்கிறீர்களாம். சிரிக்கலாம், தப்பில்லை, 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவான மித்ரிபா இந்த நாட்டில்தான் இருக்கிறது. ஆனால் ஜனவரி விடியற்காலையில் இதே நாட்டில் 8 டிகிரிக்கு இறங்கும், கூடவே வடமேற்கிலிருந்து வறண்ட காற்றும் வரும். இங்கே ஃபிளாட்டுகளை வெயிலுக்குப் பயந்து கட்டியிருக்கிறார்கள். ஏசிக்கு அறைதோறும் இடம் உண்டு, கணப்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நம் ஆட்கள் லுங்கியையும் துண்டையும் நம்பி விமானம் ஏறியவர்கள். சூடாக எதையாவது குடித்தே ஆகவேண்டும்.

அதற்குச் சுக்கு காபி போதாதா, கோகோவில் மிளகையும் சுக்கையும் போட்டு அதை ஏன் கெடுக்கவேண்டும் என்பது உங்கள் கட்சி. கெடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி. கோகோவைப் பழங்காலம்தொட்டே குடித்த மெக்சிகோப் பக்கத்து மக்கள் அதில் மிளகாய் போட்டார்கள், வனிலா போட்டார்கள். நுரை வர உயரத் தூக்கி ஆற்றினார்கள். கும்பகோணத்துக்கு முன்பே அங்கே டபராவுக்கு வேலை இருந்திருக்கிறது! பிறகு வந்த ஸ்பானியர்கள் சர்க்கரையும் பட்டையும் சேர்த்தார்கள். கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பம் காப்புரிமை வாங்கியது 1828இல். டப்பாவில் வரும் சாதுவான கோகோப் பொடிக்கு அதற்குப் பிறகுதான் காலம். ஆக, மசாலா போட்டதுதான் மூத்தது. இன்னொன்று: மிளகாயும் கோகோவும் ஒரே திசையிலிருந்து வந்தவை. மிளகாயைச் சாம்பார்வரை கூட்டிவந்து சொந்தமாக்கிக்கொண்டோம். கோகோ மட்டும் இன்னும் விருந்தாளி. இத்தனைக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிர்.

குவைத்திகளே இதில் நம் பக்கம். குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் போட்டு அவர்கள் குடிப்பது இஞ்சிப் பாலும் பட்டை போட்ட தேநீரும். கராக் கடையில் ஏலக்காய் இல்லாமல் தேநீர் தந்தால் சண்டை வரும். இஞ்சியும் பட்டையும் ஏலமும் பாலில் கைகோத்து நிற்கும் ஊரில், கோகோவை மட்டும் வாசலில் நிறுத்துவது என்ன நியாயம்?

கலந்தே வரும் கோகோ டப்பா வாங்கினால் வேலை மிச்சமே என்பீர்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போடுவார்கள், பல டப்பாக்களில் சர்க்கரைதான் முதல் ஆள். பெரியம்மாவின் சர்க்கரைக்கு அது ஆகாது. வீட்டில் செய்தால் இனிப்பு நம் கையில். மருந்து வாடை அடிக்கும் என்ற பயமும் அளவு தெரியாதவர்களுக்குத்தான். இரண்டு டம்ளர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோப் பொடி, கால் தேக்கரண்டி சுக்கு, நாலு மிளகு, இரண்டு ஏலக்காய், விரல்நுனி அளவு பட்டை போதும். பொடியை நேரே பாலில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். கொஞ்சம் வெந்நீரில் குழைத்துக்கொண்டு, மசாலாவோடு கொதிக்கும் பாலில் ஊற்றி மத்தால் கடையவேண்டும். மெக்சிகோவிலும் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டும் மரமத்துதான். பச்சை இஞ்சி என்றால் முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பிறகு பால், இல்லையேல் திரிந்துபோகும். பனங்கற்கண்டை அடுப்பை அணைத்த பிறகு போடலாம்.

தூக்கம் கெடுமே என்றால், கோகோவிலும் கஃபீன் உண்டு, ஆனால் காபியைவிட மிகக் குறைவு. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுக்கிறவனுக்குச் சுக்கு காபியில் இந்த வசதி கிடையாது. காபித்தூளே போடாத சுக்கு மல்லிக் காபிதான் அசல் என்று நீங்கள் மடக்கலாம். அது சரிதான், அந்த ஒரு விஷயத்தில் நான் சரணடைகிறேன்.

அடுத்து யார் இந்தப் பக்கம் விமானம் ஏறினாலும் இடித்த சுக்குப் பொடி கால் கிலோவும், பனங்கற்கண்டு ஒரு கிலோவும் கொடுத்து அனுப்பவும். கோகோவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்