வேதாளத்துக்கு எந்தத் தட்டு?

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில் அறிவுக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. ஆங்கில நாளிதழுக்கு நல்ல ரேட். தமிழ் நாளிதழுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. அட்டைப்பெட்டி தனிக் கணக்கு. புத்தகம் என்று பையைத் திறந்தால்தான் கடைக்காரர் முகம் சுருங்கும். "புக்குக்கு ரேட் கம்மி சார்." ஏன் என்று கேட்டால் நியாயமான பதிலே வைத்திருக்கிறார். பேப்பரில் பொட்டலம் மடிக்கலாம், கண்ணாடிச் சாமான் சுற்றலாம், பெயிண்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கலாம். புத்தகமோ பசை, நூல், அட்டை எல்லாம் கலந்த சரக்கு; பிரித்துப்போட ஆள்கூலி ஆகும். ஆக, முந்தாநாள் ராசிபலன் அச்சான தாள், இம்மானுவேல் காண்ட்டைவிட ஒசத்தி. காண்ட் இருந்திருந்தால் இதைப் பற்றியும் தலையணை கனத்தில் ஒரு விமர்சனம் எழுதியிருப்பார். அதற்கும் ரேட் கம்மிதான்.

என் வீட்டுப் புத்தகங்களில் பாதி அந்தத் தராசிலிருந்து இறங்கி வந்தவை. நான் உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் கேட்பார்: "இன்னா சார், படிக்கிற புக்கா, போடுற புக்கா?" அவர் எதையும் படிப்பதில்லை. ஆனால் மதிப்பீட்டில் கில்லாடி. பழைய முத்து காமிக்ஸ் ஒன்று மூட்டையில் வந்துவிட்டால் அது தராசுப் பக்கமே போகாது. கல்லாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவருக்குள் போய்விடும். "இது கிலோ இல்ல சார், பீஸு." இந்த ஞானம் அவருக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, சேகரிப்பாளர்களின் முகத்திலிருந்து வந்தது. நாற்பது வயது ஆள் ஒரு கிழிந்த காமிக்ஸைப் பார்த்துக் கண் கலங்கினால், எந்த வியாபாரிக்கும் விலை தானாகத் தெரிந்துவிடும்.

அதனால் நான் ஒரு உபாயம் வைத்திருந்தேன். முதலில் தடிமனான தத்துவ நூல் ஒன்றைத் தூக்கிப் புரட்டுவது. அணிந்துரை வரை படிப்பது. விலை கேட்டு, உதடு பிதுக்கி, கீழே வைப்பது. பிறகு போகிற போக்கில், "இந்தப் பொம்மை புக்கையும் சேர்த்துப் போடுங்க, குழந்தைக்கு ஆகும்" என்பது. கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "அந்தப் பெரிய புக்க நீங்க வாங்கப் போறதில்ல. நேரா விஷயத்துக்கு வாங்க சார்."

எங்கள் ரயில் தடத்தில் பழைய புத்தக ஆசை பரம்பரை வியாதி. ஆவடி, திருமுல்லைவாயல், பட்டரவாக்கம் என்று எங்கே ஏறினாலும் கடைசியில் இறங்குவது சென்ட்ரல். அதை ஒட்டியே மூர் மார்க்கெட் இருந்தது. 1985இல் அது எரிந்துபோனது. கடைக்காரர்கள் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். ஆனால் எரிந்த புத்தகங்களின் எண்ணிக்கை இன்றுவரை கூடிக்கொண்டேதான் போகிறது. அந்தக் காலத்தில் சீசன் பாஸ் வைத்திருந்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும், அபூர்வமான ஒன்றைப் பேரம் பேசி வைத்திருந்ததாகவும், மறுநாள் காசோடு போய் வாங்க இருந்ததாகவும் சொல்வார். அத்தனை பேரும் மறுநாள் போயிருந்தால் தீ பிடிக்க அங்கே ஒரு புத்தகம்கூட மிஞ்சியிருக்காது.

மகள் கல்லூரியில் சேர்ந்ததும் வீட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். ஆசாரியை வரவழைத்து நான்கு தட்டு அலமாரி செய்தாயிற்று. தட்டுக்கு ஒரு சீட்டு ஒட்டினாள்: ஃபேன்டசி, காமிக்ஸ், ஹாரர், ஃபிலாசபி. "வேற வகையே இல்லையாம்மா?" என்றேன். "உங்ககிட்ட இருக்கறது இந்த நாலுதாம்ப்பா. மத்ததெல்லாம் கரண்ட் பில்லு."

காமிக்ஸ் தட்டு சுலபம் என்று அதில் ஆரம்பித்தோம். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் கிளம்பியபோது முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூட விபத்து, உடம்பில் மின்சாரம், ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிரிட்டிஷ் சரக்குதான். ஆனால் லண்டனில் அவருக்கு மின்சாரம் தட்டாமல் கிடைத்தது. எங்கள் தெருவில் குடியிருந்தால் மே மாத ராத்திரிகளில் மறைவதற்கு வழியே இருந்திருக்காது. லோ வோல்டேஜில் இடுப்பு வரை மறைந்து நிற்பார். எதிரி சிரித்தே செத்திருப்பான்.

1984இல் லயன் காமிக்ஸ் மாடஸ்டி பிளைசியோடு வந்தது. அதே ஆண்டு ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டோடு வந்தது. ராணியில் முகமூடி போட்ட காட்டு வீரருக்கும் மாயாவி என்றே பெயர். 'நம்ம மாயாவி'யா 'அவங்க மாயாவி'யா என்று எங்கள் பள்ளியில் கட்சி பிரிந்து சண்டை நடந்தது. அந்த முகமூடிக்காரரே முத்து காமிக்ஸில் வேதாளராக வருவார். மகள் அட்டையில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அவரை ஹாரரில் வைத்தாள். நான் எடுத்து காமிக்ஸில் வைத்தேன். ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

ஹாரர் தட்டில் முதல் மரியாதை பி.டி. சாமிக்கு. பேய்க்கதை மன்னர் என்றே அவருக்குப் பட்டம். வாடகை நூலகங்களில் அவர் நாவல்கள் சுற்றிய வேகத்தில் கடைசிப் பக்கம்தான் முதலில் கழன்றுபோகும். முடிவு தெரியாமல் படுத்த இரவுகளில் பேய் இன்னும் கொஞ்சம் பெரிதாக வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டோம். பக்கத்தில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' தொகுப்பு. மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனைத் தமிழில் 'பிரேத மனிதன்' ஆக்கியவரும் அவரே. பேய் எழுத வந்த தமிழர்களில் பேயைப் பார்த்துக் கண்ணடித்தவர் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி.

சிக்கல் பட்டினத்தாரில் வந்தது. மகள் தயங்காமல் சித்தர் பாடல் தொகுதியை ஹாரரில் செருகினாள். உடம்பு எப்படி அழுகும், எதெது வந்து தின்னும், சுடுகாட்டில் என்ன மிஞ்சும் என்று என் அம்மா விளக்கு வைத்த நேரத்தில் ராகம் போட்டுப் படிக்க, சின்ன வயதில் இவள் போர்வைக்குள் நடுங்கியிருக்கிறாள். அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அது தத்துவம்டி. பயம் வந்தா உனக்கு இன்னும் பக்குவம் வரலைன்னு அர்த்தம்." புத்தகம் நான்காம் தட்டுக்குப் போனது. போகும்போது எனக்கும் லேசாக முதுகு சில்லிட்டது.

நான்காம் தட்டைக் குறைவாக நினைக்கக் கூடாது. மேற்குச் சென்னைப் புறநகரில் ஆலைதான் உண்டு, சிந்தனை கிடையாது என்று மயிலாப்பூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில்தான் கூடியது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. பத்தாண்டு கழித்து அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. கருத்துமுதல்வாதத்திலிருந்து பொருள்முதல்வாதத்துக்கு இவ்வளவு வேகமாக வேறெந்த ஊரும் போனதில்லை.

அந்தப் பொருள்முதல்வாதத்தை அச்சிட்டு விற்கும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் இருப்பதும் எங்கள் அம்பத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில்தான். ஒரு பக்கம் லேத் பட்டறை, ஒரு பக்கம் பிளாஸ்டிக் மோல்டிங், நடுவே மார்க்ஸ். உழைக்கும் வர்க்கத்தைத் தேடி இவ்வளவு சரியான விலாசத்துக்குக் குடிவந்த பதிப்பகம் உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை. அவர்கள் அந்தக் காலத்தில் விற்ற சோவியத் புத்தகங்கள் சில என்னிடம் உண்டு. டீக்காசு விலை, இரும்பு பைண்டிங். சோவியத் யூனியன் 1991இல் பிரிந்துவிட்டது. பைண்டிங் இன்னும் பிரியவில்லை. எங்கள் பேப்பர் கடைக்காரர் அஞ்சும் ஒரே தத்துவம் அதுதான். கிழிக்க முடியாது.

பூந்தமல்லிக்காரர்களிடம் தத்துவம் பேசும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். காஞ்சியில் வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர். பெருமாள் அவரோடு நேருக்கு நேர் பேசுவார் என்பது வைணவ மரபு. ராமானுஜருக்குச் சில ஐயங்கள் வந்தபோது, நேரம் பார்த்துக் கேட்டுச் சொல்லும்படி நம்பியிடம் ஒப்படைத்தார். ஆறு வார்த்தை பதில் வந்தது. பரம்பொருள் யார், ஜீவனும் ஈசனும் ஒன்றா வேறா, வழி என்ன, கடைசி மூச்சில் நினைக்காவிட்டால் என்ன ஆகும், மோட்சம் எப்போது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. ஆறாவது, பெரிய நம்பியிடம் போய்ச் சேர் என்பது. நல்ல ஸ்பெஷலிஸ்ட் மாதிரி கடைசியில் இன்னொருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் பெருமாள். ஜெர்மன் தத்துவவாதிகளுக்குப் பூந்தமல்லியில் ஒரு நண்பர் இருந்திருந்தால் என் அலமாரி இப்படி வளைந்திருக்காது.

ஃபேன்டசி தட்டில் மகளின் ஹாரி பாட்டர்கள் வரிசையாக ஏறின. பக்கத்தில் வைக்க ஜெயமோகனின் 'விஷ்ணுபுர'த்தை எடுத்தேன். 1997இல் வந்த நாவல். ஆகாயம் தொடும் கோபுரங்களோடு ஒரு கற்பனை நகரம், அதன் நடுப்பாகத்தில் பக்கம் பக்கமாகத் தத்துவ விவாதம். ஃபேன்டசியா, ஃபிலாசபியா? ஆசாரி வழி சொன்னார்: "நடுவுல ரம்பம் போட்டா ரெண்டு தட்டுலயும் வெக்கலாம் சார்." எனக்கோ டிராகனைத் தேடி ஸ்காட்லாந்து வரை போவதே வேடிக்கையாக இருக்கிறது. திருமுல்லைவாயல் ஸ்டேஷனில் இறங்கி மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்கு நடந்தால், தொண்டைமான் மன்னன் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. எருக்கஞ்செடி தூணாகும் அளவுக்கு வளர்ந்த கதையை நம்பிய ஊர்க்காரனுக்குப் பறக்கும் துடைப்பம் என்ன பெரிய விஷயம்? புதுமைப்பித்தன் கதையில் வரும் கடவுளோ பட்டணத்துத் தெருவில் நடந்து வந்து, காப்பி குடித்து, கந்தசாமிப் பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். அழிவில்லாத ஒருவரிடம் ஆயுள் சந்தா வாங்கிய பத்திரிகை அதிபரின் நிலைமையை யோசித்தால் அந்தக் கதை ஹாரருக்கும் பொருந்தும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அடியில் கிடந்தது அம்புலிமாமா பைண்டு வால்யூம். வருடத்து இதழ்களைச் சேர்த்துத் தைத்து, காலிகோ போட்டு, அப்பா கட்டிவைத்தது. 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முந்தித் தொடங்கிய பத்திரிகை. திறந்த பக்கத்தில் விக்கிரமாதித்தனும் வேதாளமும். ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், பின்னால் சுடுகாட்டு மரங்கள். சங்கர் வரைந்தது. 1952இல் அங்கே சேர்ந்தவர், 2020இல் மறைந்தவர், மறைவுக்குப் பிறகு பத்மஸ்ரீ பெற்றவர். பதினோராம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் சோமதேவர் தம் 'கதாசரித்சாகர'த்தில் சேர்த்த வேதாளக் கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமாவில் அவை தீர்ந்த பிறகும் அரசன் ஓயவில்லை. அவன் வாயைத் திறந்ததும் வேதாளம் மரத்துக்குத் தப்பிவிட, ஆசிரியர் குழுவே புதுக்கதை செய்து மாதாமாதம் அவனை மரமேற விட்டது.

இதை எங்கே வைப்பது? பேசும் பிணம்: ஹாரர். மந்திரவாதி, அரசன், வரம்: ஃபேன்டசி. படத்தைப் பார்த்தே கதை சொல்லிவிடலாம்: காமிக்ஸ். முடிவில் நியாயம் எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும்: ஃபிலாசபி. பரீட்சையில் இந்த விதி இருந்திருந்தால் என் வகுப்பில் எல்லோரும் பிழைத்திருப்போம். விடை தெரிந்தால்தானே ஆபத்து. மகள் புத்தகத்தோடு நான்கு தட்டுக்கும் மேலும் கீழுமாக அலைந்தாள்.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில், துண்டு துண்டாக இணைத்து விதவிதமாகக் கட்டும் மெக்கானோ பொம்மையை ஒரு கடையில் பார்த்து, புத்தகங்களையும் அப்படியே பகுக்கலாமே என்று நினைத்தார். ஒரு புத்தகத்துக்கு ஒரே பெட்டி என்றில்லாமல், அதன் அம்சங்களைத் தனித்தனியே எழுதி நடுவில் முக்காற்புள்ளி போட்டு இணைப்பது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை அதுதான். மகள் உற்சாகமாகி ஒரு சீட்டில் எழுதினாள்: 'அரசன் : பிணம் : படம் : கேள்வி'. அந்தச் சீட்டை எந்தத் தட்டில் ஒட்டுவது என்பதை ரங்கநாதன் சொல்லிவிட்டுப் போகவில்லை. என் சொந்த மதிப்பீட்டு முறை வேறு. எந்தப் புத்தகம் ஒரே தட்டில் அடங்கி உட்காருகிறதோ அதை அடுத்த தடவை எடைக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் வீட்டில் அதிகம் மிஞ்சாது. நல்லதுதான், ஆசாரி போட்ட பலகை அவ்வளவு தாங்காது.

வேதாளத்தைத் தற்காலிகமாக டீப்பாயில் வைத்தோம். அங்கேதான் எதிர்வீட்டு ரிட்டயர்டு சார் கண்ணில் பட்டது. அவருடைய மதிப்பீடு பேச்சில் வராது, திருப்பித் தருவதில் வரும். மறுநாளே வந்தால் புத்தகம் போர். ஒரு வாரத்தில் வந்தால் சுமார். என்னிடமிருந்த நல்ல புத்தகங்கள் எவை என்று தெரிய வேண்டுமானால் அவர் வீட்டு ஷோகேஸைப் பார்க்க வேண்டும்.

பைண்டு வால்யூம் போய்ப் பல மாதம் ஆனபிறகு நேரில் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அதுதான்.

"சார், அந்த அம்புலிமாமா முடிச்சாச்சா?"

என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். பதில் இல்லை.

"இல்ல, மகளும் கேட்டா…"

வாயைத் திறக்கவில்லை. வீட்டம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க, சாருக்குக் காபி போடட்டுமா?" என்றார். அதற்கும் பதில் இல்லை. கதையை ஒழுங்காகப் படித்திருக்கிறார். பேசினால் கையில் இருப்பது போய்விடும்.