பல்லைப் பிடிச்சுப் பாரு மாப்ளே

மாப்ளே, நீ வண்டிக்கு டயர் மாத்தப் போறங்கிற சேதியே எங்கக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "உன் மருமகன் கொஞ்ச நாளா போனைப் பாத்துக்கிட்டே சோறு திங்கிறான்டா. பொண்ணு விவகாரமோன்னு பயந்து போயி எட்டிப் பாத்தா, டயரு!"ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. பொண்ணுன்னா நானே பேசி முடிச்சிருப்பேன். டயருங்கிறதால கொஞ்சம் யோசிச்சுத்தான் பேசணும்.

இப்ப மாட்டியிருக்கிற பின் டயரை நேத்து வாசல்ல வச்சு நல்லாப் பாத்தேன். நடுவுல முழு மொட்டை. ஓரத்துல பட்டன், கடையில வாங்கின அன்னைக்கு இருந்தபடியே இருக்கு. ரொம்ப சந்தோசம் மாப்ளே. வளைவுல வண்டியைத் தரையோட சாய்ச்சு ஓட்டுறதா போன்ல படம் போட்டிருந்தியே, அந்தச் சாய்ப்பு டயருக்கு மட்டும் தெரியாமப் போச்சு போல. நேர் ரோட்டுல நேரா ஓட்டுற நல்ல பிள்ளைன்னு உன் டயரே சாட்சி சொல்லுது. கல்யாணத் தரகர் வந்தா அதைத்தான் காட்டப் போறேன்.

எப்ப மாத்தணும்னு கேக்க வேண்டிய கட்டத்தை நீ தாண்டிட்ட. இருந்தாலும் அடுத்த தடவைக்கு ஆகும், கேட்டுக்க. டயரோட பக்கவாட்டுல, ஓரத்தை ஒட்டி, குட்டியா ஒரு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ.ன்னு மூணு எழுத்தோ போட்டிருப்பான். அதுக்கு நேரா பள்ளத்துக்குள்ள விரலை விட்டா சின்னதா ஒரு மேடு தட்டுப்படும். பட்டன் தேஞ்சு தேஞ்சு அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துட்டா டயரு அவ்வளவுதான். மழைத்தண்ணி வெளியேறப் பள்ளம் இருக்காது. தண்ணி மேல ஏறி வண்டி போற பக்கம் நீ போக வேண்டியதுதான். உன் டயர்ல பட்டனை விடு, அந்த மேடே தேஞ்சு கெடக்கு.

சரி, புதுசுக்கு வருவோம். 130 போடப் போறியாமே! வண்டியோட வந்தது 100/90-17. நீ பாத்து வச்சிருக்கிறது 130/70-17. எதுக்குன்னு கேட்டா, பின்னாடி இருந்து பாத்தா கெத்தா இருக்கும்ங்கிறியாம். நியாயம்தான். வண்டி ஓட்டுறவனுக்குப் பின் டயரு தெரியாது, பின்னாடி வர்றவனுக்குத்தான் தெரியும். ஊரார் கண்ணு குளிர உன் காசுல அகலம் வாங்குற பெரிய மனசு உனக்கு. உங்கப்பாவுக்கு அது கெடையாது.

முதல் எண்ணு அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது, அந்த அகலத்துல நூத்துக்கு எத்தனை பங்கு டயரோட உசரம்ங்கிற கணக்கு. மூணாவது ரிம்மோட குறுக்களவு, அங்குலத்துல. 100ல 90 பங்குன்னா 90 மில்லிமீட்டர். 130ல 70 பங்குன்னா 91. "உசரம் ஒத்தை மில்லிமீட்டர்தான் மாமா கூடுது, ஸ்பீடோமீட்டர் கூடத் தப்பாக் காட்டாது"ன்னு நீ சொல்லுவ. கணக்கு சரி. பள்ளிக்கூடத்துல இப்படிப் போட்டிருந்தா எங்கக்கா டியூசனுக்குக் கட்டின காசு மிஞ்சியிருக்கும்.

ஆனா ரிம்முன்னு ஒண்ணு இருக்குல்ல? அது 100க்குன்னு அடிச்ச ரிம்மு. அதுல 130ஐ ஏத்தினா ரெண்டு பக்க உதட்டையும் உள்ள இழுத்துப் பிடிச்சுக்கும். டயரு நடுவுல கூம்பி மேல தூக்கிக்கும். 130க்குக் காசு கொடுத்துட்டு, ரோட்டைத் தொடுறது என்னமோ நடுவுல ஒரு கீத்துதான். அப்புறம் செயின் கவர்ல உரசுற சத்தம். எடை கூடுறதால மைலேஜ் குறையும். வளைவுல வண்டி திரும்ப யோசிக்கும். இன்னொண்ணும் சொல்றேன், இதை உன் சினேகிதப் பயலுக நம்ப மாட்டானுக. ஒரு டயரு எவ்வளவு பரப்புல ரோட்டைத் தொடும்ங்கிறதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது அது மேல விழுற எடையும் உள்ள இருக்கிற காத்தழுத்தமும்தான். எடையும் காத்தும் மாறலன்னா, அகலமான டயரு தொடுற பரப்போட உருவத்தை மாத்தும், அளவைப் பெருசா மாத்தாது. கம்பெனிக்காரன் அந்த ரிம்முக்கு ஆகும்னு அட்டவணையில போட்டிருந்தா ஒரு படி கூட்டிக்க, நான் மறிக்கல. மூணு படி தாண்டிக் குதிக்கிறதுக்கு இது ஜல்லிக்கட்டு வாடிவாசல் இல்ல.

அந்த எண்ணுகளுக்குப் பக்கத்துலயே 55பி-ன்னு ஒண்ணு இருக்கும். அதை எவனும் வீடியோவுல பேச மாட்டான், படிச்சுக் காட்டுறதுக்குக் கவர்ச்சியா இல்ல. 55ன்னா அந்த ஒத்தை டயரு 218 கிலோ தாங்கும். பி-ன்னா மணிக்கு 150 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும். மேலூர் ரோட்டுல 150ல நீ எங்க போகப் போற? டீக்கடை நாலு தடவை குறுக்க வருது. அதனால அதுக்கு மேல இருக்கிற எழுத்துக்கு ஆசைப்பட்டுக் காசைக் கொட்ட வேண்டாம். ஆனா வண்டியோட வந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழ மட்டும் போயிராத. மூட்டை ஏத்துற நாள்ல 218 உனக்கு ஞாபகம் வரும்.

எந்தக் கம்பெனிங்கிறதுலதான் நீ மண்டையை உடைச்சுக்கிறியாம். அதுல நான் சொல்ல ரொம்ப ஒண்ணுமில்ல. எம்.ஆர்.எஃப்.காரன் 1946ல மெட்ராசுல திருவொற்றியூர்ல பொம்மை பலூன் பண்ணித் தொடங்கினவன். காத்தை அடைக்கிற தொழிலு அவனுக்கு அப்பவே கைவந்திருக்கு. சியட்காரனுக்குப் பூர்வீகம் இத்தாலி. நம்ம வெள்ளரிப்பட்டியில இருக்கிறது டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா, இப்ப யூரோகிரிப்னு பேரை வச்சுக்கிட்டு விக்கிறாங்க. மதுரைக்கும் மேலூருக்கும் நடுவுல செய்யுற டயருக்கு யூரோப்புப் பேரு. நீ ஊருக்குள்ள ராசுன்னும் போன்ல ராக்கின்னும் இருக்கியே, அதை நான் தப்புச் சொன்னனா? எவன் டயரா இருந்தாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும்ங்கிறது சட்டம், அதைப் பாத்துக்க. சரியான அளவுல, பேரு தெரிஞ்ச கம்பெனி எதை மாட்டினாலும் அறுவதுல போற உனக்கு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதுன்னு நான் பந்தயம் கட்டுறேன்.

வித்தியாசம் தெரியிறது ரப்பர்லதான். மிருதுவான ரப்பர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் கரையும். கெட்டி ரப்பர் வருசக்கணக்கா உழைக்கும், ஈர ரோட்டுல கொஞ்சம் கையை விரிக்கும். ரெண்டும் ஒரே டயர்ல உச்சத்துல வேணும்னு நீ தேடுற பாரு, அங்கதான் உனக்கு ராத்தூக்கம் போகுது. தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய் வர்றவன் நடுத்தரமா ஒண்ணைப் பிடிச்சுட்டு வருவான். முன் டயருக்கு மட்டும் கஞ்சத்தனம் பாக்காத. பின் டயரு தேயுற வேகத்துல முன் டயரு தேயாது, அதனால அதை எல்லாரும் மறந்துருவாங்க. அவசரத்துல பிரேக் பிடிச்சா எடையில பெரும்பங்கு முன்னாடிதான் வந்து விழுது. முன்னால ரேடியல், பின்னால சாதான்னு கலந்து மாட்டுறதும் வேண்டாம். காட்டுக்குப் போற பெரிய பட்டன் டயரு உன் கூட்டாளி மாட்டியிருக்கான்ல, அதையும் பாத்தேன். தார் ரோட்டுல ஊளையிட்டுக்கிட்டே வருது. காட்டு வேலைன்னு கூப்பிட்டா மட்டும் அந்தப் பயலக் காணோம்.

இப்ப காரியத்துக்கு வர்றேன். காத்தடைச்ச டயருங்கிற வஸ்துவைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவரு ஒரு மாட்டு டாக்டரு. சிரிக்காத, நெசம். ஸ்காட்லாந்துக்காரரு, டன்லப்புன்னு பேரு. பெல்ஃபாஸ்ட்ல வைத்தியம் பாத்துக்கிட்டிருந்தவரு, மகன் ஓட்டின மூணு சக்கர சைக்கிள் குலுங்குதேன்னு ரப்பர்ல காத்தை அடைச்சு மாட்டினாரு. 1888ல அதுக்கு உரிமமும் வாங்கினாரு. அதுக்கு நாப்பது வருசம் முந்தியே இன்னொரு ஸ்காட்லாந்துக்காரரு அதே யோசனைக்கு உரிமம் வாங்கி, சீண்டுறதுக்கு ஆளில்லாமக் கெடந்துச்சுங்கிறது தனிக்கதை. நான் சொல்ல வர்றது என்னன்னா, மாட்டு டாக்டரு வீட்டுல பொறந்த சாமானை மாடு வாங்குற மாதிரிதான் வாங்கணும். சந்தையில எவனாவது கொம்புல பூசின வர்ணத்தைப் பாத்து வெல பேசுவானா? வாயைத் திறந்து பல்லைப் பிடிப்பான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துருச்சான்னு பாத்துட்டுத்தான் துண்டுக்குள்ள கையை விடுவான்.

டயருக்கும் பல்லு இருக்கு. பக்கவாட்டுல ஒரு சின்ன வட்டத்துக்குள்ள நாலு எண்ணு. முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருசம். 2321ன்னு இருந்தா 2021ல 23வது வாரத்துல செஞ்சது. ஒரு பக்கம்தான் அடிச்சிருப்பான், அந்தப் பக்கத்தைக் கடைக்காரர் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருந்தா அது தற்செயல்னு நெனச்சுக்க, ஆனா திருப்பிப் பாரு. "தம்பிக்காக முன்னூறு ரூவா கொறைச்சுத் தாரேன்"னு சிரிச்சா மறுபடியும் பாரு. ரப்பர் ஓடாமச் சும்மா இருந்தாலும் கெழடு தட்டும். கடை வாசல்ல வெயில்ல மாலையாத் தொங்கவிட்டிருக்கிற டயரு இன்னும் சீக்கிரம் இறுகும். பக்கவாட்டை அமுக்கி வளைச்சுப் பாரு, மயிரிழை வெடிப்பு தெரிஞ்சா பல்லு போன மாடு அது. நிழல்ல ஒழுங்கா அடுக்கி வச்ச டயரு ஒரு வருசத்துதா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மூணு வருசம் தாண்டினதுன்னா கும்பிடு போட்டுட்டு அடுத்த கடைக்கு வண்டியைத் திருப்பு, திருப்புற அளவுக்குப் பழைய டயர்ல பிடிப்பு இருந்தா.

வெல விசயம். 2025 செப்டம்பர்ல இருந்து ஜி.எஸ்.டி. 28ல இருந்து 18 ஆயிருச்சு, பில்லுல அது தெரியணும். பில்லு வேண்டாம்னா வெலயைக் கொறைக்கிறேன்னு சொன்னா வேண்டாம்னுட்டு வா. நாளைக்கு டயரு பக்கவாட்டுல வீங்கிச்சுன்னா கேக்குறதுக்குக் காகிதம் வேணும். டிராக்டர் டயருக்கு 5தான். அதுக்காக வண்டியில டிராக்டர் டயரு மாட்ட முடியுமான்னு யோசிக்காத. உன்னைச் சொல்ல முடியாது, 130ஐ யோசிச்ச ஆளு.

உன் வண்டி அலாய் ரிம்மு, டியூப்லெஸ் ஆகும்னு ரிம்முலயே எழுதியிருந்தா டியூப்லெஸ் போடு. ஆணி குத்தினாலும் காத்து பொசுக்குன்னு போகாது. ஸ்போக் வண்டிக்காரன் டியூப்லெஸ் வாங்கினாலும் பெரும்பாலும் உள்ள டியூப் போட்டுத்தான் ஓட்டணும், ஸ்போக் ஓட்டை வழியாக் காத்து நிக்காது. வால்வைப் புதுசா மாத்தச் சொல்லு. அதுக்கு ஆகுற காசு ஒரு பரோட்டா செட்டுக்கு மேல வராது. டயரு மேல அம்புக்குறி இருக்கும், சக்கரம் முன்னுக்கு உருளுற பக்கம் அது இருக்கணும். மாட்டுற பையன் போன்ல பேசிக்கிட்டே மாட்டினான்னா நீ உன் போனைப் பையில வச்சுட்டு அம்பைப் பாரு. மாட்டி முடிச்சதும் பளபளன்னு இருக்கட்டும்னு ஒரு தைலத்தை எடுத்துட்டு வருவான். பட்டன் மேல தடவ விடாத, அது ரோட்டைத் தொடுற எடம்.

புது டயரு மேல்தோலு வழவழன்னுதான் இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் வரைக்கும் அடிச்சுப் பிரேக் பிடிக்கிறதும் திருகுறதும் கூடாது. நிதானமா ஓட்டி மேல்தோலு போனப்புறம்தான் பிடிப்பு முழுசா வரும்.

காத்து மட்டும் பாக்கி. இவ்வளவு ஆராய்ச்சி பண்ற நீ கடைசியாக் காத்துப் பாத்தது எப்பன்னு நான் கேக்க மாட்டேன், எனக்கே வெக்கமா இருக்கு. உன் வண்டியில செயின் கவர் பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இந்த ரக வண்டிக்குப் பெரும்பாலும் முன்னால 25, பின்னால ஒத்தை ஆளுக்கு 28, ரெண்டு ஆளுக்கு 32. ஸ்டிக்கர்ல வேற போட்டிருந்தா அதுதான் சரி. காலையில வண்டி ஓடிச் சூடாகுறதுக்கு முந்தி பிடிக்கணும். நைட்ரஜன் அடிச்சா குளுகுளுன்னு ஓடும்னு ஒருத்தன் காசு கேப்பான். நாம இழுத்து விடுற மூச்சுலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தான், மிச்சம் 22க்கு அவ்வளவு காசு எதுக்கு?

பின்னால 32 வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வந்துரு. காரைக்குடியில நம்ம பங்காளி பேத்திக்குக் காதுகுத்து. போய்ட்டு வந்தா 100 தாண்டிரும், நான் பின்னாடி இருந்தா நீ வேகமாவும் போக மாட்ட, டயரும் பதமாயிரும். எனக்குப் பஸ்ஸுல நிக்க முட்டி ஒத்துக்கல. அங்க கறிச்சோறு பிரமாதமா இருக்கும்ங்கிறாங்க. மொய்யை மட்டும் ரெண்டு பேருக்கும் சேத்து நீயே எழுதிரு.