தாழ்த்திய வண்டி

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் முன் சஸ்பென்ஷனில் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தெம்பில் தருமபுரி நண்பர் தன் ஹெரால்டின் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினார். தாழ்த்தினால் சக்கரத்தின் சாய்வு கெடும். கீழ் விஷ்போனுக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் ஷிம் தகடுகளைச் செருகி, உருவித்தான் நிமிர்த்த வேண்டும். மெக்கானிக் அரை நாள் நூல் கட்டி அளந்தார்.

“தொப்பூர் கணவாயில இனி தண்டவாளத்துல போற மாதிரி போகும்ண்ணா!”

தொப்பூர் வரை போனால்தானே? தெருமுனையில் ஊரார் தாமே கட்டிய வேகத்தடை. அதன்மேல் வண்டி அடைகாக்கும் கோழிபோல் உட்கார்ந்துவிட்டது. நாலு பேர் தூக்கி இறக்கினோம். மெக்கானிக் மறுபடி நூலைத் தேடுகிறார்.