கொலைகாரன் தெரிந்தால் என்ன?

கேள்வி: மர்மப் படத்தில் கொலையாளி யாரென்று பக்கத்து சீட்டுக்காரர் உளறிவிட்டால், டிக்கெட் காசு தண்டம்தானே? (வாசகர், செவிலிமேடு)

பதில்: அவர் வாய்தான் தண்டம்; படம் அல்ல. எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) படத்தில் பாட்டே கிடையாது. ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யாரென்று ஊருக்கே தெரிந்த பிறகும், ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் சிவாஜி வேறு ஆளாகத் தெரிவதை இன்றும் ரசிக்கிறோம். ‘பாபநாசம்’ (2015) படத்தில் கொலை நம் கண்ணெதிரிலேயே நடக்கிறது, போலீஸுக்குத்தான் தெரியாது. ‘அப்படியானால் ரயிலில் படித்த கிரைம் நாவலை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குகிறோமே?’ என்பீர்கள். நியாயம்தான், முடிச்சை மட்டுமே நம்பிய கதைக்கு ஆயுள் அவ்வளவே. எழுத்தாளர் சுஜாதாவின் கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகளைத் திரும்ப எடுப்பது கொலைக்காகவா? வசந்தின் வாய்த்துடுக்குக்காக. அவ்வளவு ஏன், அத்திவரதர் எப்படி இருப்பார் என்று தெரிந்தும் 2019-ல் காஞ்சியில் அவரைத் தரிசிக்கப் பக்தர்கள் கால்கடுக்க வரிசையில் நின்றார்களே! பக்கத்து சீட்டுக்காரரை மன்னித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.