அப்பாவின் முழங்கை

எண்பதுகளில் எங்கள் பினாங்கு மசாலாக் கடையின் விளம்பரச் செலவு வருஷத்துக்கு ஒரு தடவைதான். தீபாவளி மலரில் கால் பக்க வாழ்த்து, அதில் டை கட்டிய அப்பா. டை ஸ்டூடியோக்காரருடையது. மலர் வந்ததும் மூன்று பிரதி வாங்குவார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஊருக்கு, ஒன்று யாராவது கேட்டால் கொடுக்க. யாரும் கேட்டதில்லை.

மற்றபடி பத்திரிகையோடு எங்களுக்குத் தினமும் புழக்கம் உண்டு. பழைய தமிழ் நேசன் நாளிதழை எடைக்கு வாங்கி, கிழித்து, சீரகமும் சோம்பும் மடித்துக் கொடுப்போம். கடை செய்தியில் வராவிட்டாலும் செய்தி கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

ஜார்ஜ்டவுனிலிருந்து தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் நிருபர் ஒருவர் சாயங்காலம் கடைக்குத் தேநீர் குடிக்க வருவார்.

"அண்ணே, நம்ம கடையப் பத்தி நாலு வரி போடக் கூடாதா?" என்பார் அப்பா.

"என்னான்னு போட? நேத்து மிளகா அரைச்சீங்க, இன்னைக்கும் அரைக்கிறீங்க. எல்லாரும் எங்க பாத்துக்கிட்டு இருக்காங்களோ அங்க போய் நில்லுங்க. தைப்பூசத்துக்கு மொத நாள் வெள்ளி ரதம் வருமில்ல, அந்த வழியில ஒரு பந்தல் போடுங்க. படம் எடுக்க நான் வந்துதானே ஆகணும்!"

பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, தண்ணீர்மலை நோக்கிப் போகும் நகரத்தார் வெள்ளி ரதம். தெருவெல்லாம் தேங்காய் மலை. அப்பா இரண்டு அண்டா மோரோடு நின்றார். மூன்றாம் நாள் படம் வந்தது. ரதம் இருந்தது, கூட்டம் இருந்தது, இடது ஓரத்தில் ஒரு முழங்கை இருந்தது. கைக்கடிகாரத்தை வைத்து அது அப்பாவுடையது என்று அம்மா கண்டுபிடித்தாள். சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டினோம். அந்த முழங்கைக்கு வருஷக்கணக்காக விளக்கம் சொன்னோம்.

நான் கல்லாவில் உட்கார்ந்தபோது காலம் மாறியிருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 கடைசியோடு விலகி, பழைய கடைகள் பல மூட்டை கட்டியிருந்தன. அப்புறம் 2008 ஜூலை 7. யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மறு வாரமே ஓர் ஆங்கிலப் பத்திரிகைப் பெண் எங்கள் அரவை எந்திரத்தின் முன் மெய்மறந்து நின்றார். "இதை ஏன் மாற்றவில்லை?" என்று கேட்டார். மாற்றக் காசு இல்லை என்பதுதான் உண்மை. "பாரம்பரியம்மா" என்றேன். அரைப் பக்கம் வந்தது. அது வரை அந்த எந்திரத்தை நாங்கள் சனியன் என்றுதான் கூப்பிடுவோம்.

விளம்பரம் இவ்வளவு சுலபமா என்று தலை கனத்துவிட்டது. மிளகாய்த் தூளுக்குப் புதுப் பாக்கெட் அடித்து, மூன்று மொழியில் அறிக்கை எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பினேன். அனுப்பிய தேதி 2018 மே 10. முந்தின நாள் பொதுத்தேர்தல். சுதந்திரம் பெற்றதிலிருந்து 61 வருஷம் ஆண்ட கூட்டணி கவிழ்ந்த காலையில், பினாங்கில் ஒரு மிளகாய்த் தூள் பச்சைப் பாக்கெட்டிலிருந்து சிவப்புப் பாக்கெட்டுக்கு மாறியதை நாடு கவனிக்கவில்லை.

மூன்று வாரத்தில் ஜூன் 1, ஜிஎஸ்டி வரி பூஜ்யமானது. இப்போது நான் கூப்பிடாமலே நிருபர் ஒருவர் வந்தார். "விலை குறையுமா?" நான் விற்கும் பருப்புக்கும் மசாலாச் சாமானுக்கும் அந்த வரி முன்பும் கிடையாது என்று விளக்கினேன். அது அவருக்கு ருசிக்கவில்லை. மறுநாள் தராசும் கையுமாக என் படம், கீழே 'விலை குறையும்: வணிகர் நம்பிக்கை'. பத்து மணிக்கு ஓர் ஆச்சி பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "எத்தன வெள்ளி கொறைச்சிருக்க தம்பி?" பத்து வெள்ளிக்கு ஒரு வெள்ளி தள்ளுபடி கொடுத்துத்தான் அனுப்ப முடிந்தது. அப்பாவின் கால் பக்க வாழ்த்து இதைவிட மலிவு.

இந்த விளம்பர வித்தையில் எனக்கு வாய்த்த குரு, வணிகர் பலருக்கு ஆகாத பினாங்கு பயனீட்டாளர் சங்கம்தான். எஸ். எம். முகமது இத்ரிஸ் பல்லாண்டு தலைமை தாங்கிய சங்கம். தைப்பூசம் நெருங்கும்போது, தேங்காயை அளவோடு உடையுங்கள், உணவை வீணாக்காதீர்கள் என்று ஓர் அறிக்கை வரும். தேங்காய் விற்பவருக்குக் கோபம், நேர்த்திக்கடன்காரருக்கும் கோபம், பத்திரிகைக்கு மட்டும் பண்டிகை. பல வருஷமாகச் சொன்ன விஷயம்தானே என்று முனகுவேன். பிறகுதான் உறைத்தது: அறிக்கை பழசு, நாள் புதுசு. நான் என் பாக்கெட்டுக்கு நாள் பார்த்தேன். அவர்கள் நாளைப் பார்த்து வாயைத் திறந்தார்கள். எங்கள் கடைத் தேநீரைக் குடித்துக்கொண்டே அப்பாவிடம் அந்த நிருபர் சொன்னதும் இதைத்தானே?

2019 தொடக்கத்தில், 1924இல் பிறந்த தமிழ் நேசன் மூடப்பட்டது. நாங்கள் பொட்டலம் மடித்த பத்திரிகை அன்று தானே செய்தியாகிப்போனது.

இப்போது கைப்பேசிக்காரர்கள் காலம். அவர்களுக்கு எந்திரச் சத்தம் வேண்டும், நான் வேட்டியில் வேண்டும். டீ-சட்டைதான் என் வழக்கம். வீடியோவுக்கென்றே கல்லாவுக்கு அடியில் ஒரு வேட்டி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஸ்டூடியோ டை, எனக்கு இது.

போன தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். வேட்டியைச் சுற்றிக்கொண்டு எந்திரத்தை ஓட விட்டேன். "அந்தக் காலத்து மாதிரி பேப்பர்ல மடிச்சுக் குடுங்க அங்கிள்" என்றாள்.

"பேப்பர் ஏதும்மா? எல்லாம் பிளாஸ்டிக்தான்."

அவள் கண் சுவருக்குப் போனது. "அதோ பேப்பர் இருக்கே. அது என்ன படம்?"

மோர் அண்டாவிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். நாற்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய். அவள் கைப்பேசியைச் சட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

அந்த வாரம் வீடியோ எங்கெங்கோ சுற்றியது. சிங்கப்பூரிலிருந்து மாமா மகன் கூப்பிட்டான். தேடி வந்தவர்கள் சட்டத்துக்குக் கீழே நின்று படம் எடுத்தார்கள், கால் கிலோ தூளும் வாங்கினார்கள். வீடியோவில் எந்திரம் இல்லை, சிவப்புப் பாக்கெட் இல்லை, வேட்டி கட்டிய நான் இல்லவே இல்லை. முழங்கை மட்டும் இருந்தது.