திருநாதர்குன்றும் 24 வரி ஸ்லைடும்

கல்லூரி வகுப்பறையில் புரொஜெக்டர் முதலில் நடத்தும் பாடம் ‘நோ சிக்னல்’. கேபிளைப் பிடுங்கிச் செருகுவது, கணினித் துறையிலிருந்து ஆள் அழைப்பது, கடைசி பெஞ்சு மாணவர் எழுந்து வந்து ஒரு பொத்தானை அமுக்குவது என மூன்று கட்டங்களில் இது முடியும். மூன்றாம் கட்டத்திலேயே தொடங்கும் வழக்கம் எங்கும் இல்லை.

உயர்கல்விக்குக் கருவிப் பஞ்சம் வந்ததில்லை. 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் பாடம் ஒளிபரப்பியது. 1987-இல் பவர்பாயிண்ட் பிறந்தது. 2003-இல் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. 2020-இல் கொரோனா வந்து, “சார், மியூட்ல இருக்கீங்க” என்ற வாசகத்தைக் கல்வித் துறைக்கு வழங்கியது. இத்தனை மாற்றத்திலும் மாறாமல் கூடவே வந்தது மஞ்சளேறிய பழைய நோட்ஸ்: கரும்பலகையிலிருந்து ஓ.எச்.பி. தாளுக்கு, அங்கிருந்து ஸ்லைடுக்கு, பிறகு பி.டி.எஃப். ஆகி வாட்ஸ்அப்புக்கு.

ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிப்பது மிகப் பரவலான முறை. படத்தோடு பேச்சு சேர்ந்தால் கற்றல் கூடும், அதே பேச்சை எழுத்தாகவும் திரையில் ஏற்றினால் குறையும் என்பது அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வு முடிவு. மாணவர் ஆசிரியருக்கு முன்பே வாசித்து முடித்து, மிச்ச நேரத்தைக் கைபேசிக்கு ஒதுக்கிவிடுவார்.

திரைக்கு உரியது எது என்பதை வரலாற்றுத் துறையினர் செஞ்சிப் பக்கம் சோதித்துப் பார்க்கலாம். சிங்கவரம் குன்றில் பல்லவர் குடைவரை ஒன்றில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தாய்ப்பாறையிலேயே செதுக்கிய உருவம். குடைவரையின் தரைத்திட்டம் உள்ளே நிற்பவருக்குப் புலப்படாது. அதற்கு ஸ்லைடு வேண்டும். எந்தக் கல்லை வெட்டி எதை விட்டுவைத்தார்கள் என்பது அசைவுப்படத்தில் விளங்கும். பாறையின் கனம் நேரில் போனால்தான் விளங்கும். ‘இது ஒரு குடைவரை’ என்ற புல்லட் பாயிண்ட் இவை எதற்கும் உதவாது.

அருகிலுள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்கள், வரிசைக்கு 12 பேராக, நெரிசலின்றி அமர்ந்திருக்கிறார்கள். ஒரு ஸ்லைடில் 24 வரி ஏற்றுவோர் பார்க்க வேண்டிய இடம். சமணத் துறவி சந்திரநந்தி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு சில வரிகளில் சொல்லி முடிக்கிறது. மதிய உணவுக்கு முந்தைய பாடவேளைக்கு 57 ஸ்லைடு கட்டாயமில்லை.

செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றிக் கோயில் எடுத்ததாகப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் கல்வெட்டு பொறித்தான். கேபிள், கரண்ட், வைஃபை, ரிமோட் இன்றிப் பாடம் எடுத்த ஆசிரியருக்குக் கல்வெட்டு கிடைக்காது. கல்லூரிக்குத் தரமிடும் நாக் குழுவுக்கான கோப்பில் ‘ஐ.சி.டி. பயன்பாடு’ என்ற கட்டம் ஏன் காலி என்று விளக்கம் கேட்பார்கள்.

ஹார்வர்ட் இயற்பியலர் எரிக் மேசூர் 1990-களில் பரப்பிய முறைக்குக் கருவி அதிகம் வேண்டாம். ஒரு கேள்வி கேட்டு, ஒவ்வொருவரும் விடையைத் தேர்ந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொல்லி, மீண்டும் விடை கேட்க வேண்டும். கைபேசியில் வாக்களிக்கலாம், கை தூக்கினாலும் போதும். ‘குடைவரையின் தூண்களை எடுத்துவிட்டால் கூரை விழுமா?’ என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பக்கத்து மாணவரோடு பேசுவது குற்றமாகாத ஒரே பாடவேளை இது.

கடைசிக் கட்டம் தேர்வு. அதில் வரும் வினா: ‘சிறுகுறிப்பு வரைக: சிங்கவரம்.’ மதிப்பெண் 5. இதற்கு அந்தப் பழைய நோட்ஸே போதும்.