மடையில் ஓர் ஆள்

கேள்வி: பைத்தான் கற்பவர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறேன். ஒவ்வொரு பதிவையும் நான் பார்த்த பிறகே வெளியிட வேண்டுமா, அப்படியே விட்டுவிடலாமா?
- கல்லூரி மாணவி, உத்தமபாளையம்

பதில்: லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை பெரியாறு தண்ணீரில் நெல் விளையும் பக்கத்துக்காரர் நீங்கள். மடையில் ஆள் இல்லாவிட்டால் தலைமடை நிறையும், கடைமடை காயும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? குழுவிலும் புதிதாக வந்த பிள்ளையின் சந்தேகம் 'காலை வணக்கம்' படங்களுக்கு அடியில் போய்விடும்.

நிரல் எழுதுவோர் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தைப் பாருங்கள். 2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தது. ஐந்தே நாளில் அதன் பதில்களுக்கு அங்கே தடை. படித்தால் சரியாகத் தோன்றி, ஓட்டினால் தவறாகும் பதில்கள் குவிந்துவிட்டன. 2023 ஜூனில், அவற்றை நீக்கும் அதிகாரத்தை நிறுவனம் சுருக்கியபோது நெறியாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். சம்பளமே இல்லாத வேலைக்கு வேலைநிறுத்தம்! அப்படி ஓர் அக்கறை.

ஆனால் அதே தளத்தில்தான் 'ஏற்கெனவே கேட்டது' என்று கேள்வியை மூடுவதும் நடக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை மறுபடி வாய் திறக்காது. எனக்கு இது பெரிய குறை.

முன்அனுமதி வேண்டாம். தேர்வுக்கு முந்தைய இரவு 11 மணிக்கு 'இண்டென்டேஷன் எரர்' என்று தவிப்பவருக்குக் காலையில் அனுமதி கொடுத்து என்ன பயன்? விளம்பரத்தையும் வசவையும் வந்ததும் நீக்குங்கள். பழைய கேள்வி திரும்ப வந்தால் மூடாதீர்கள். பழைய பதிலின் இணைப்பைக் கொடுத்து, 'இதில் தீராவிட்டால் நிரலையும் பிழைச்செய்தியையும் அப்படியே ஒட்டுங்கள்' என்று எழுதுங்கள். கூடவே இன்னொரு நெறியாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் செமஸ்டர் வருமே.